குடைக்குள் முகம் மறைத்த குரு

எங்கள் தோட்டத்துக் கடைக்கு மாவனல்லையிலிருந்து பழைய தாள் கட்டுகள் வரும். கடை முதலாளிக்கும் மாவனல்லைதான் ஊர். பருப்பு, சீனி, கருவாடு எல்லாவற்றையும் அந்தத் தாளில்தான் சுற்றித் தருவார். ஒருநாள் கட்டைப் பிரித்தவர் நடுவில் கிடந்த சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"இது சுத்தறத்துக்கு ஏலா. தாள் சின்னன். சீனி ஊத்தினா சிந்துது. படம் ஈக்கி, பாருங்கொ. ஒங்களுக்கு வேணுமெண்டா எடுங்கொ."

வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரே அதைக் கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்து என் பையில் போட்டுவிட்டார். அதனால் அந்தப் புத்தகம் கடைசி வரை கருவாடு மணத்தது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிப்பேன், ஆனால் மெதுவாக. ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் முதல் சொல் மறந்துவிடும் என்பதால் பத்திரிகை பக்கம் போவதில்லை. இந்தப் புத்தகத்தில் எழுத்து குறைவு. ஆட்களின் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு பலூன், அதற்குள் இரண்டு மூன்று சொல். மிச்சத்தைப் படமே சொல்லிவிடும். இப்படி ஒரு புத்தகத்தை யாராவது சின்ன வயதிலேயே என் கையில் தந்திருந்தால் ஆறாம் வகுப்புக்கும் போயிருப்பேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னாலும் பின்னாலும் தாள்கள் கிழிந்து போயிருந்தன. இருந்த மட்டும் கதை இதுதான். ஒரு பெரிய பட்டணத்தில் எளியவர்களுக்காகச் சண்டை போடுகிற ஒருவன். உடம்போடு ஒட்டிய நீல உடுப்பு. பெயர் முதல் தாள்களோடு போய்விட்டது. மற்றவர்கள் அவனை வீரனே, வீரனே என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து அவனைப் பிடித்து வலது தோளை உடைத்துவிடுகிறார்கள். கை தொங்கிப்போகிறது. அவன் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கப்பலேறி, ரயிலேறி, பிறகு நடந்து, பனி மூடிய ஒரு மலைக்குப் போகிறான். அங்கே ஒரு குரு இருக்கிறார்.

அந்தக் குருவின் முகம் ஒரு படத்திலும் இல்லை. வெயிலானாலும் பனியானாலும் ஒரு குடை பிடித்திருப்பார். குடையின் நிழல் முகத்தில் விழுந்து கறுப்பாக இருக்கும். இல்லாவிட்டால் முதுகு தெரியும். இல்லாவிட்டால் குடை மட்டும் தெரியும். அவர் வீரனுக்குச் சண்டை ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒரு நாளைக்கு ஆற்றில் ஒற்றைக் காலில் நிற்க வைக்கிறார். இன்னொரு நாளைக்கு ஒரு மரத்தின் முன்னால் நிறுத்தி அதன் இலைகள் விழுவதைப் பார்க்கச் சொல்கிறார். வீரன் கத்துகிறான், கோபப்படுகிறான், எப்போது எனக்கு வித்தை சொல்லித் தருவீர்கள் என்று கேட்கிறான். குருவின் தலைக்கு மேலேயும் பலூன் இருக்கிறது. அதற்குள் எழுத்து இல்லை. வரிசையாகப் புள்ளிகள் மட்டும்.

அந்தப் புள்ளிகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது என்னிடம் ஏதாவது கேட்கும்போது என் தலைக்கு மேலேயும் அந்த மாதிரிதான் ஒரு பலூன் நிற்கும். மற்றவர்களுக்கு அது தெரியாததால் ஊமை, மண்டு, திமிர் பிடித்தவன் என்று ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். இங்கே ஒரு மனிதர் புள்ளிகளிலேயே பேசுகிறார். அவரை எல்லாரும் குரு என்கிறார்கள்.

என் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இது யாருங்க, மூஞ்சியே இல்லாம?"

"குரு."

"குருவும் இல்ல, மண்ணும் இல்ல. படம் போட்டவனுக்கு மூஞ்சி வரைய வந்திருக்காது. அதான் கொடையப் புடிச்சு மூடிட்டான்."

சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

அந்த வீரனைப் போல எனக்கும் அப்போது வலது தோளில்தான் வருத்தம். யாரும் உடைக்கவில்லை. ஒருநாள் காலையில் எழும்பினேன், கை தோள் மட்டத்துக்கு மேலே ஏற மறுத்தது. அன்றைக்கே சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சட்டை போட மனைவி உதவ வேண்டியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் விழுங்குகிற குளிசையும் பூசுகிற மருந்தும் தந்தார்கள். கீழ் ஊரில் சிங்கள வெத மாத்தயா, அதாவது நாட்டு வைத்தியர், எண்ணெய் தந்தார். தோள் நன்றாக மணத்தது, அவ்வளவுதான்.

நான் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். என் பங்கு மரங்கள் மேட்டில், கடைசி மூலையில் இருந்தன. எல்லாம் கிழட்டு மரங்கள். அடிப்பட்டை முழுவதும் வெட்டித் தீர்ந்துவிட்டதால் மேலேதான் வெட்ட வேண்டும். நீளப் பிடி போட்ட கத்தியைத் தலைக்கு மேலே தூக்கி, மேல் நோக்கி, காகிதம் சீவுவதுபோல் பட்டையைச் சீவ வேண்டும். கை ஏறாதவனுக்கு அந்த மரங்கள் இல்லை. கங்காணிக்குத் தெரிந்தால் என்னை எடுத்துப் புல்லு வெட்டுகிற கூட்டத்தில் போட்டுவிடுவார். அந்தக் கூட்டத்தில் காலையில் தொடங்கினால் வேலை முடியும் வரை பேச்சும் சிரிப்பும்தான். பதில் சொல்லாதவனைச் சும்மா விடமாட்டார்கள். எனக்கோ மேட்டு மூலையில் விடியற்காலையில் மரங்களோடு நிற்பதுதான் வாழ்க்கை. அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது போய்விடுமோ என்ற பயத்தில்தான் கையை மறைத்துக்கொண்டு இருந்தேன். உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிக்காலைத் தூக்கி, எப்படியோ வெட்டி வந்தேன்.

புத்தகத்தில் ஒரு இடம் வரும். குரு ஒரு துணியை எடுத்து வீரனின் உடைந்த கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். பலூனில் புள்ளிகள். அடுத்த படத்தில் வீரன் இடது கையால் விறகு பிளக்கிறான். அதற்கடுத்த படத்தில் இடது கையால் ஒரு கல்லைத் தூக்கி எறிகிறான், கல் மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுகிறது.

மறுநாள் காலையில் மேட்டுக்குப் போய், தலைத் துண்டை அவிழ்த்து என் வலது கையை உடம்போடு கட்டிக்கொண்டேன். கத்தியை இடது கையில் எடுத்தேன். முதல் மரத்தில் மெல்ல வைத்து இழுத்தபோது நன்றாகத்தான் வந்தது. சீவிய பட்டை சுருண்டு விழுந்தது. எனக்கு மலையும் பனியும் தெரிந்தன. அடுத்த மரத்தில் கத்தி வழுக்கி உள்ளே இறங்கியது. அதற்கடுத்த மரத்திலும் அப்படியே. பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், பட்டை ஒரு கனம்தான். அதைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் மறுபடி பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். நான் அன்றைக்கு ஒரு வரிசை மரத்தைக் காயப்படுத்திவிட்டேன்.

கங்காணி அதை இரண்டு நாளுக்குள் கண்டுபிடித்தார்.

"ஏம்பா, இது என்னா வெட்டு? ஆடு கடிச்ச மாதிரி இருக்கு. நேத்துக் கத்தி புடிச்ச பயகூட இப்படி வெட்டமாட்டானே!"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கையில என்னமும் கோளாறா? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்."

"ஒன்னுமில்லீங்க."

"ஒன்னுமில்லையா? சரி. மாசக் கடைசியில கண்டாக்கையா மரம் பாக்க வர்றாரு. அவர் முன்னால வெட்டிக் காட்டு. அப்பத் தெரியும் இருக்கா இல்லையான்னு."

கண்டாக்கையா என்று நாங்கள் சொல்வது தோட்டத்தில் வெளி வேலைகளைப் பார்க்கிற அதிகாரியை. யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பமாட்டார்.

அது இறப்பர் இலை உதிர்கிற காலம். விடியும்போது மேட்டில் மூடுபனி நிற்கும். சிவந்த இலைகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். நான் பனி விழுவதைப் பார்த்ததில்லை. ஆனால் புத்தகத்து மலையில் பனி விழுவதைப் போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் வேலைக்குப் போகிறேனா, புத்தகத்துக்குள் போகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. கத்தியும் வாளியும் கையில் இருக்கும். கால் தன்பாட்டில் ஏறும்.

அப்படி ஒரு காலையில்தான் குடையைப் பார்த்தேன்.

என் மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு காண், அதாவது மழைத் தண்ணீர் ஓட வெட்டிய பள்ளம். அதைத் தாண்டினால் யாரும் போகாத ஒரு பழைய தோட்டப் பாதை. அந்தப் பாதையில் மூடுபனிக்குள் ஒரு கறுப்புக் குடை வந்தது. மழை இல்லை. பனித்துளிதான். குடைக்குக் கீழே வெள்ளைச் சாரமும் கை நீளச் சட்டையும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. ஒரு காலை வைத்து, யோசித்து, மற்றக் காலைக் கொண்டு வந்து வைக்கிற நடை. நடுப் பாதையில் நின்றார். குடையை மடக்கி, ஒரு மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டையைக் கட்டுகிற கம்பியில் மாட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இரண்டு கைகளையும் கோத்து, மெல்ல மெல்ல மேலே தூக்கினார். தூக்கியதை அப்படியே வைத்திருந்து, மெல்லக் கீழே கொண்டு வந்தார். பிறகு பக்கவாட்டில், பிறகு வட்டமாக. அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் அசைவதை நான் பார்த்ததே இல்லை. தலையில் ஒரு இலை விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் பழைய காலத்துச் சிங்களச் சண்டை வித்தை தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், வெளியில் காட்டிக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்வார்கள். அப்படி ஒருவர்தான் இவர் என்று முடிவு செய்துவிட்டேன்.

கிட்டப் போய்க் கேட்கிற தைரியம் எனக்கு வராது. மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். சில நாட்களுக்குப் பிறகு நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கோத்து, இடது கையால் வலது கையை இழுத்து, அவர் தூக்கும்போது தூக்கினேன். அவர் இறக்கும்போது இறக்கினேன். என் கை காது வரைக்கும் போகவில்லை. வலியில் கண் இருட்டியது. ஆனால் மனசுக்குள் ஒரு பெரிய அமைதி. மூடுபனிக்குள் காணுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் இலைகள் விழுகின்றன. புத்தகத்தில் இல்லாமல் போன கடைசித் தாள்கள் இவைதான் என்று நான் நம்பினேன்.

நாள் செல்லச் செல்ல மரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்பதை மறந்துவிட்டேன். ஒருநாள் கைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றிருக்கிறேன். கண்ணைத் திறந்தால் அவர் காணுக்கு அந்தக் கரையில் நின்று என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை விடச் சில வயது மூத்தவராக இருப்பார். மீசை நரைத்திருந்தது. வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது.

"மட்ட ஹினாவெனவாத?" என்றார்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறாயா என்று கேட்கிறார். சொற்கள் வாயின் ஒரு பக்கத்தால் வழுக்கிக்கொண்டு வந்தன. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பேசத்தான் வராது, அது எந்த மொழியிலும் அப்படித்தான். நான் கைகளை இறக்கக்கூட மறந்து நின்றேன். அது அவருக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. நாங்கள் அன்றைக்குப் பேசியதெல்லாம் சிங்களத்தில். அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன், அண்ணனைக் கூப்பிடுகிற அய்யேயையும் தம்பியைக் கூப்பிடுகிற மல்லியையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"ரோட்டுல ஆளுங்க வேடிக்க பாக்குறாங்கன்னுதான் இந்தக் காட்டுக்குள்ள வந்து செய்றேன். இங்கயும் ஒரு கொரங்கு வந்து நின்னு என்ன மாதிரியே ஆடுது!"

"இல்ல அய்யே..."

"என்னா இல்ல? எத்தன நாளா பாக்குறேன். நான் கையத் தூக்குனா நீ தூக்குற. நான் எறக்குனா எறக்குற. நாளைக்கு ஒனக்கும் ஒரு பக்கம் இழுக்கும், அப்பத் தெரியும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய இடது கை தானாக மேலே போகவில்லை. வலது கை அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இடது காலை அவர் யோசித்து வைக்கவில்லை, அது வர மறுத்திருக்கிறது. பாரிசவாதம் வந்த மனிதர். நான் இத்தனை நாளும் ஒரு நோயாளியைக் கேலி செய்தவன்போல அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறேன்.

அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அப்படியே விட்டிருந்தால் அவர் பிறகு அந்தப் பாதைக்கு வந்திருக்கமாட்டார். நான் சாப்பாட்டுப் பையைத் திறந்து, தினமும் கொண்டு வருகிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காணில் இறங்கி ஏறி, அவர் முன்னால் போய்க் குடை பிடித்த குருவின் படத்தை விரித்துக் காட்டினேன்.

"இவரு... நீங்கன்னு நெனச்சேன்."

அவர் புத்தகத்தை வாங்கினார். மோந்து பார்த்தார். "கருவாடு" என்றார். பிறகு தாள்களைப் புரட்டினார். குடையைப் பார்த்தார். கம்பியில் தொங்கிய தன் குடையையும் பார்த்தார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது.

"நானா? நான் வரக்காப்பொல ரோட்டுல பஸ் ஓட்டுனவன். சண்டை போட்டது கண்டக்டரோட மட்டுந்தான்."

"எனக்குக் கை ஏறல்ல அய்யே" என்றேன். கங்காணிக்கும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மரத்தைப் பற்றியும், கண்டாக்கையா வரப்போவதைப் பற்றியும் துண்டு துண்டாகச் சொன்னேன்.

"தூக்கு, பாப்போம்."

தூக்கினேன்.

"மல்லி, ஒனக்கு வேற வருத்தம். எனக்கு மண்டைக்குள்ள கோளாறு. ஒனக்குத் தோளு. நான் செய்றத நீ செஞ்சா என்னா ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸா இருந்தாச் சொல்லுவேன். போய் அந்த மிஸ்ஸக் கேளு."

"எந்த மிஸ்?"

"கேகாலை ஆஸ்பத்திரியில. இதெல்லாம் அந்தப் புள்ள சொல்லிக் குடுத்ததுதான். என் மகள விட எளசு. ஆனா நிக்கச் சொன்னா நிக்கணும். அழுதாலும் விடாது."

"எப்படி இருப்பாங்க?"

"தெரியாது. எப்பவும் மாஸ்க்தான். கண்ணு மட்டும் தெரியும். இத்தன மாசமா போறேன், மொகத்தப் பாத்ததே இல்ல."

நான் அன்றைக்குப் பால் வெட்டியது எப்படி என்று ஞாபகமில்லை.

மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கங்காணியிடம் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம் என்று அவள்தான் சொன்னாள். முதலில் டொக்டர் பார்த்தார், பிறகு ஒரு நீளமான அறைக்கு அனுப்பினார். அங்கே கட்டில்களும் கயிறுகளும் பந்துகளும் இருந்தன. ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு அம்மா பந்தை நசுக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் மெதுவாக அசைந்தார்கள். ஜன்னலால் வெயில் விழுந்தது. தண்ணீருக்குள் நடக்கிற ஆட்களைப் போல இருந்தது. நடுவில் மாஸ்க் போட்ட ஒரு மெல்லிய பிள்ளை. கண்கள் மட்டும்.

என் கையைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, இதுவரை என்ன செய்தேன் என்று கேட்டார். இரண்டு கைகளையும் கோத்துத் தூக்கிக் காட்டினேன்.

"இப்படி இழுக்கச் சொல்லி யாரு சொன்னது?" தமிழிலேயே கேட்டார், கொஞ்சம் சிங்களச் சாயல் இருந்தது.

என் மனைவி சும்மா இருப்பாளா?

"படக்கதைப் பொத்தகத்துல பாத்தாராம் மிஸ். பொறகு காட்டுக்குள்ள ஒரு குருவப் புடிச்சாராம்."

மாஸ்க்குக்கு மேலே கண்கள் சுருங்கின. சிரிக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு என்னைச் சுவர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, விரலாலேயே மேலே நடக்கச் சொன்னார். ஆட்காட்டி விரல் ஒரு அடி, நடுவிரல் ஒரு அடி. சின்னப் பூச்சி ஏறுவதைப்போல. வலிக்கிற இடத்தில் நிற்க வேண்டும். இழுக்கக் கூடாது. மூச்சு விட்டு, மெல்ல இறங்க வேண்டும்.

"தினமும் செய்யுங்க. அவசரம் வேணாம். இதுக்கு மாசக்கணக்கு ஆகும்."

"மாசக் கடைசிக்குள்ள..." என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவியும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

மேட்டில் சுவர் ஏது? இறப்பர் மரத்தில் விரலால் ஏறினேன். வெட்டித் தீர்ந்த அடிப்பட்டை வழுவழுவென்று இருக்கும். பழைய காயங்கள் மேடு தட்டும். அதற்கு மேலே சிரட்டைக் கம்பி. அதையும் தாண்டினால் பால் காய்ந்த கோடு. விரல்கள் ஏறும்போது மரத்தின் குளிர் உள்ளங்கைக்கு வரும். ஒவ்வொரு மரத்திலும் ஏறி, மூச்சு விட்டு, இறங்கி, பிறகுதான் வெட்டினேன். காணுக்கு அந்தப் பக்கம் பஸ் ஓட்டியவர் வந்து குடையை மாட்டிவிட்டுத் தன் வேலையைச் செய்வார். போகும்போது "கொச்சர துரத மல்லி?" என்று ஏதாவது கேட்பார், எவ்வளவு தூரம் ஏறினாய் என்ற அர்த்தத்தில். நான் மரத்தில் விரல் நின்ற இடத்தைக் காட்டுவேன். அவர் தன் இடது கையைத் தானாக உயர்த்த முயன்று காட்டுவார். அது இடுப்பு வரை வந்து நடுங்கும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மாசக் கடைசியில் என் விரல்கள் நெற்றிக்கு நேரே வந்திருந்தன. வெட்டுக் கோடு அதற்கும் மேலே.

கண்டாக்கையா வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். கங்காணி பின்னால் வந்தார். காயப்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார் கண்டாக்கையா. பிறகு வரிசையின் முதல் மரத்தைக் காட்டினார்.

"வெட்டும், பாப்பம்."

கத்தியைத் தூக்கினேன். முழங்கையைச் சாய்த்து, குதிக்காலைத் தூக்கி, பழைய தந்திரம் எல்லாம் செய்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். கத்தி முனை பட்டையைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் கட்டையைத் தொடும் என்று கை சொன்னது. அந்த இடத்தில் நிறுத்தினேன். கத்தியை இறக்கி நிலத்தில் ஊன்றினேன்.

"ஐயா, கை ஏறாதுங்க."

"பிறகேன் இவ்வளவு நாளும் பேசாமல் நிண்டனீர்? முதலே சொல்லியிருக்கலாமே ஐசே" என்றார் கண்டாக்கையா.

"புல்லு வெட்டுக்குப் போட்டுருவாங்கன்னு பயம்ங்க."

கங்காணி உடனே, "பாத்தீங்களா ஐயா, நான் அப்பவே கேட்டேன். ஒன்னுமில்லீங்கன்னு சொன்ன ஆளு" என்றார்.

"புல்லு வெட்டுறதில என்ன குறை?" என்றார் கண்டாக்கையா.

நான் நின்ற நிலையைப் பார்த்து அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அடுத்த கேள்வி கேட்கவில்லை. அந்த நேரம் கீழேயிருந்து வாளி இடிபடுகிற சத்தம் கேட்டது. என் மனைவி மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள்தான். தன் மரங்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஐயா, அவரு மரத்த நான் எடுத்துக்கிறேன்ங்க. என் மரத்த அவருக்குக் குடுங்க. எல்லாம் எளசு. நெஞ்சு மட்டத்துலதான் வெட்டு."

"உயர வெட்டுறது லேசில்லை, பிள்ளை. கை தூக்கும்தானே?"

"வாயி தூக்குற அளவுக்குக் கையும் தூக்கும்ங்க ஐயா. வேணும்னா கங்காணியக் கேளுங்க."

கங்காணி சிரித்துவிட்டார். கண்டாக்கையா நீளப் பிடிக் கத்தியை அவளிடம் கொடுத்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே வெட்டில் கோட்டை முடித்தாள். பட்டை மெல்லிசாகச் சுருண்டு அவள் தோளில் விழுந்தது. பால் பொட்டுப் பொட்டாக எழும்பி, ஒன்று சேர்ந்து, கோட்டில் இறங்கியது.

"சரி, மாத்திக் குடும்" என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுக் கண்டாக்கையா அடுத்த மேட்டுக்கு ஏறினார்.

பால் வெட்டுகிற வேலை என்னிடம் நின்றது. மேட்டு மூலை போய்விட்டது. மனைவியின் மரங்கள் ரோட்டோரம். ஊருக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அந்த வழியால்தான் போக வேண்டும். முதல் நாள் காலையில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் வெட்டினேன். நெஞ்சுக்கு நேரே கோடு. கையை உயர்த்தத் தேவையில்லை. பின்னால் ஆட்கள் போகிற சத்தம் கேட்டது. என் மனைவி தினமும் இவர்களோடெல்லாம் என்ன பேசியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். யாரோ நின்றார்கள்.

"அண்ணே, பஸ்ஸு போயிருச்சா?"

கைக்குழந்தையோடு ஒரு பெண், கிளினிக் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு என்னைத் தெரியாது. வேறு யாரும் அங்கே இல்லை. நான் கத்தியைக் கோட்டில் வைத்தபடியே திரும்பினேன்.

"இன்னும் வரல."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் அந்த மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன். உண்மையில் பஸ் போய்விட்டதா இல்லையா என்று நான் கவனித்திருக்கவில்லை. பஸ் வந்து அந்தப் பெண் ஏறிப் போகும் வரை எனக்கு வேலை ஓடவில்லை. அதற்குப் பிறகு வெட்டும்போதே ஒரு காதைப் பஸ் வருகிற ரோட்டு வளைவுப் பக்கம் வைத்துக்கொள்ளப் பழகினேன். யாராவது கேட்டால் சொல்லக் கையில் ஒரு பதில் இருக்க வேண்டுமே.